சமம் பத்தில் விழுந்த கதை

ஸ்பெயின் நாட்டு இசையான ஃபிளமெங்கோவை வீட்டிலிருந்தே கற்ற கதை இது. முதலில் கிட்டாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் அதோடுதான் போனது.

என்னிடம் இருந்தது நைலான் தந்தி போட்ட பழைய கிளாசிக்கல் கிட்டார். அலுவலகத்தில் வேலையை விட்டுப் போன ஒருவர், வீடு மாற்றும் அவசரத்தில் மலிவாகத் தந்துவிட்டுப் போனது. மேற்பலகை ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் ஏதோ ஒரு சிவந்த மரம். 2023 ஜூனில் ஃபிளமெங்கோ கற்கலாம் என்று வேளச்சேரி வீட்டில் உட்கார்ந்தபோது, அதற்கென்று தனி கிட்டார் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஃபிளமெங்கோ கிட்டாரின் உடல் பெரும்பாலும் சைப்ரஸ் மரத்தில் செய்தது. எடை குறைவு. தந்திகள், கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளை ஒட்டித் தாழ்வாக ஓடும். சத்தம் சட்டென்று வெடித்து, சட்டென்று அடங்கும். விரலால் பலகையைத் தட்டி வாசிப்பதால், பலகை பாழாகாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதன் பெயர் கோல்பெயாடோர். ஸ்பெயினில் கையால் செய்த கிட்டார்களின் விலையைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இருப்பதையே மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

தகடுதான் முதல் வேலை. அதை ஒட்டுவதற்கு முன்பே பாடத்தில் வந்த, பலகையைத் தட்டும் கோல்பே அடியை ஆர்வக்கோளாறில் வாசித்துப் பார்த்து, மோதிர விரல் நகத்தால் பலகையில் இரண்டு கீறல் போட்டுவிட்டேன். அவை இன்னும் இருக்கின்றன. ஓ.எச்.பி. ஷீட்டை வெட்டி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியது முதல் முயற்சி. டேப் இல்லாத இடங்களில் காற்று புகுந்து, தட்டும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம். இரண்டாவது தடவை, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் கண்ணாடி மாதிரியான ஒட்டு வினைல் வாங்கினேன். ஒலித்துளையைச் சுற்றியுள்ள வளைவைச் செய்தித்தாளில் அச்செடுத்து, அதை வைத்து வெட்டி, பலகையில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து, ஸ்டிக்கரை நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்து, பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்துத் தள்ளினேன். ஒரு குமிழி கூட இல்லை. கடைக்காரர் கார் கண்ணாடிக்குச் செய்வதைப் பார்த்துக் கற்றதுதான். ஒரு எச்சரிக்கை: உங்கள் கிட்டாரில் பழைய முறை ஷெல்லாக் பாலிஷ் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். என்றைக்காவது உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். என்னுடையது கெட்டியான லாக்கர் பூச்சு, தாங்கிக்கொண்டது.

அடுத்தது தந்தி உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே ஆறாவது தந்தி 4 மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாக நின்றது. அளக்கத் தனிக் கருவி வேண்டாம், 3 மி.மீ., 4 மி.மீ. டிரில் பிட்டுகளைத் தந்திக்கு அடியில் நுழைத்துப் பார்த்தால் போதும். எனக்கு ஆறாவது தந்தியில் 3, முதல் தந்தியில் 2.5 தேவைப்பட்டது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட் என்பது தந்தியின் சரிபாதி. அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால், பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். பழையது பிளாஸ்டிக், அதைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, எலும்பில் செய்த சேடில் ஒன்றை வாங்கினேன். தேய்ப்பது அடிப்பக்கத்தில்தான், மேல் வளைவைத் தொடக்கூடாது. அடி துளியும் சாயாமல் சமதளமாக இருக்க வேண்டும். வீட்டிலேயே சமமான தளம் எது என்று யோசித்தேன். சமையல் மேடை கிரானைட். உப்புத்தாளை அதன் மேல் டேப்பால் ஒட்டி, பென்சில் கோடு வரைக்கும் தேய்க்க ஆரம்பித்தேன்.

எலும்பைத் தேய்த்தால் பல் டாக்டரிடம் டிரில் ஓடும்போது வருமே, அந்த வாசனை வரும். அம்மா ஹாலிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னடா நாத்தம் இது?"

"சேடில்மா. எலும்பு."

"என்ன எலும்பு?"

பொய் சொல்லியிருக்கலாம். மாடு என்றேன். எங்கள் வீட்டில் முட்டை கூட வராது. மேடையை மூன்று தடவை மஞ்சள் தண்ணீரில் கழுவின பிறகுதான் அன்று இரவு ரசம் வைத்தார். மீதித் தேய்ப்பு மொட்டை மாடியில், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நடந்தது.

நான் செய்த தவறு வேறு. தேய்த்தது நவம்பரில், மழைக்கு நடுவே. ஈரக் காற்றில் மரம் ஊதும். மேற்பலகை கொஞ்சம் வயிறு தள்ளும். அதோடு பிரிட்ஜும் தந்திகளும் மேலே ஏறும். அந்த ஏறின உயரத்தை நான் நிஜ உயரம் என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன். மறு ஏப்ரலில், இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் கிட்டார் காய்ந்து பலகை கீழே இறங்கியதும், நான்கு, ஐந்து, ஆறு மூன்று தந்திகளும் ஃபிரெட்டில் உரசி ஸ்ஸ்ஸ் என்று இழுத்தன. ஃபிளமெங்கோவில் கொஞ்சம் உரசல் இருக்கலாம், அது அந்த ஒலியில் ஒரு பகுதி. இது அந்தக் கொஞ்சம் இல்லை. தற்காலிகமாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை மெல்லிய பட்டையாக வெட்டி சேடிலுக்கு அடியில் கொடுத்தேன். அது சரியாகவே வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை. பிறகு இன்னொரு எலும்பு சேடில் வாங்கி, ஏ.சி. மாதங்களுக்கென்று 0.8 மி.மீ. கூடுதல் உயரத்தில் தேய்த்துக்கொண்டேன். இப்போது இரண்டும் ஒரு பெருங்காய டப்பாவில் இருக்கின்றன. ஒன்றில் ‘மழை’, மற்றதில் ‘ஏசி’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்து, உலோகக் கம்பி சுற்றிய முறுக்குத் தந்திகளை ஆறு வாரத்தில் கறுக்கவைத்துவிடுகின்றன. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்தால் எட்டு வாரம் வருகிறது. அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

கையைப் பற்றி. முதல் மூன்று மாதம் பதிவு செய்த வீடியோப் பாடங்கள் மட்டும்தான். பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்பது அவற்றின் பெரிய வசதி. ரஸ்கெயாடோ என்பது விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்திகளின் மேல் உதறுவது: சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி. முழு வேகத்தில் பார்த்தால் கை ஒரு விசிறி மாதிரித்தான் தெரியும். பாதி வேகத்தில்தான் நான்கு தனித்தனி அடிகள் இருப்பது புரிந்தது. என்னுடையதைப் போனில் பதிவு செய்து அதே பாதி வேகத்தில் கேட்டால் இரண்டரை அடிதான் இருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் சேர்ந்தே விழுந்தன.

காரணம் எளிது. நாள் முழுக்க நாம் விரலை மடக்குகிறோம்: பை தூக்க, பேருந்துக் கம்பியைப் பிடிக்க, சோறு பிசைய. விரலை வேகமாக நீட்டும் தசைக்கு வேலையே கிடையாது. நம் ஊரில் அதற்கு வேலை கொடுப்பது ஒன்றே ஒன்று, கேரம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதும் ரஸ்கெயாடோவும் ஒரே அசைவு. சின்ன வயதில் தெருவில் கேரம் ஆடியவன் என்பதால் என் ஆள்காட்டி விரல் முதல் நாளே சரியாக அடித்தது. மற்ற மூன்றுக்கும் அந்தப் பயிற்சி இல்லை. எனவே ஒரு வாரம் கிட்டாரைத் தொடாமல், விரல்களை உள்ளங்கையில் அழுத்தி வைத்து ஒவ்வொன்றாகத் தொடையில் சுண்டிக்கொண்டிருந்தேன். பறக்கும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். ஐந்தாவது வாரத்தில் நான்கு அடியும் பிரிந்தன. கட்டைவிரல், மோதிர விரல், ஆள்காட்டி என்று சுழலும் மூன்றடி ரஸ்கெயாடோ அதற்கப்புறம் சுலபமாக வந்தது. அதை முதலில் கற்றிருந்தால் இவ்வளவு அவதி இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

நகம் தனிப் பிரச்சினை. வலது கை நகங்கள் விரல் நுனிக்கு மேல் ஒன்றிரண்டு மி.மீ. நீள வேண்டும். அதே வலது கையால்தான் நாம் சாம்பார் சாதம் சாப்பிடுகிறோம். மஞ்சள் ஏறிய நகத்தோடு நான் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் வேறு மாதிரி. நகம் வளர்த்தால் வீட்டுக்கு ஆகாது. சரி, தேய்க்கிறேன் என்றால் வெள்ளிக்கிழமை தேய்க்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு தேய்க்கக் கூடாது. கேஸ் சிலிண்டரை உருட்டும்போது நடுவிரல் நகம் பிளந்தபோது, பிளவின் மேல் டிஷ்யூ காகிதத்தின் ஓர் அடுக்கை வைத்து ஃபெவிக்விக்கை ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் நயமான உப்புத்தாளால் தேய்த்துச் சமாளித்தேன். பத்து நாள் தாங்கியது. தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுடும்.

செப்டம்பரில் இணைய வழி நேரலை வகுப்புக்கு மாறினேன். ஆசிரியர் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்துக்காரர். இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு. அங்கே மாலை 5 மணி, நமக்கு இரவு 8.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஸ்பெயினில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். அதற்கு அடுத்த வகுப்பில் நான் 8.30க்கே உட்கார்ந்து, ஆளைக் காணோமே என்று திட்டிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். அவர் 9.30க்கு வந்து காத்திருந்திருக்கிறார்.

இன்னொரு சிக்கலைக் கண்டுபிடிக்க மூன்று வகுப்பு ஆனது. நான் ரஸ்கெயாடோ வாசித்தால் அவருக்குச் சத்தமே போகவில்லை, பேசினால் கேட்கிறது. வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மின்விசிறி, ஹார்ன் என்று நினைத்து வடிகட்டிவிடும். ரஸ்கெயாடோவும் பலகைத் தட்டும் அதற்கு வெறும் இரைச்சல். அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்தேன். அதற்குப் பிறகு ஆசிரியருக்கு என் கிட்டார் கேட்டது. கூடவே எங்கள் தெரு இட்லி மாவு வண்டியும் கேட்டது. அப்படியும் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி போய்ச்சேரத் தாமதமாகும். அவர் வாசிப்பார், நான் கேட்பேன். நான் வாசிப்பேன், அவர் முகத்தைச் சுளிப்பார்.

அவர் சுளித்தது பெரும்பாலும் தாளத்துக்குத்தான். ஃபிளமெங்கோவில் தாளச் சுற்றுக்குக் கொம்பாஸ் என்று பெயர். நான்கடிச் சுற்றான தாங்கோஸ் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை சொலெயா. பன்னிரண்டு அடி, அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில். காகிதத்தில் எழுதிவைத்து, பன்னிரண்டு அடியையும் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் செயலியைப் போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி வாசிப்பேன். ஒரு அடி கூடத் தவறாது. அவர் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னார்: எண்ணிக்கை சரி, ஆனால் இது சொலெயா இல்லை. ஏன் என்று கேட்டால் நிறையக் கேள் என்பார். கேட்டேன். இரண்டு மாதம் கேட்டும் புரியவில்லை.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 4ஆம் தேதி மத்தியானத்துக்குள் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டில் தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற மிருதங்க ஆசிரியர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரை மேலே கூட்டிவந்தோம். கையில் துணிமணி எதுவும் இல்லை. மிருதங்கத்தை மட்டும் ஒரு ஜமுக்காளத்தில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை, மூன்று நாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கிட்டாரை எடுத்தேன். மெட்ரோனோம் இல்லை; போனில் இருந்த கொஞ்சம் சார்ஜ் அவசரத்துக்கு. வாயால் எண்ணிக்கொண்டு வாசித்தேன்.

முதலில் பேசியது அம்மாதான். "தோடியை ஏன்டா இப்படிக் கொலை பண்றே?" அம்மா கொஞ்சம் பாட்டு கற்றவர். அவர் காது தப்பில்லை. சொலெயாவின் ராகம் ஈ ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தால் அனுமத்தோடியின் ஸ்வரங்கள்தான். ஆனால் சுற்று ஈ கார்டில், அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டில், வந்து இறங்கும்போது மூன்றாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில், தோடியில் இல்லாத அந்தர காந்தாரம் விழுகிறது. அந்த நிமிடம் அது வகுளாபரண ராகம் ஆகிவிடுகிறது. இரண்டு காந்தாரமும் மாறி மாறி வரும். அம்மாவுக்கு அதுதான் கொலையாகக் கேட்டிருக்கிறது.

கீழ் வீட்டு சார் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "தம்பி, எத்தனை அட்சரம் இது?" என்றார். பன்னிரண்டு என்று சொல்லி, காகிதத்தைக் காட்டினேன். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு, ஆறு. அப்புறம் எட்டு, பத்து, பன்னெண்டு. ஆறை ஒரு தடவை ரெண்டு மூணா வெட்டறான், ஒரு தடவை மூணு ரெண்டா வெட்டறான். தகிட தகிட தக தக தக. இதுல என்ன கஷ்டம்?"

"கஷ்டம் இல்ல சார், ஆனா சரியா வரலைங்கறார்."

"வராதே. நீங்க தகிடல தாவுல அழுத்தறீங்க. இந்தக் கணக்குல அழுத்தம் மூணுல இருக்கு, டாவுல. அந்த ஒண்ணை ஏன் இவ்வளவு இடிக்கறீங்க? அது சமம் இல்லை."

நான் எதை எண்ணினாலும் ஒன்றைச் சமமாக, அதாவது தாளம் தொடங்கும் அழுத்தமான அடியாக, எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதிலிருந்து கச்சேரிகளில் தொடையில் தாளம் போட்ட கை. ஒன்று என்றால் தானாகவே பலமாக விழுகிறது. சொலெயாவில் ஒன்று என்பது வெறும் தொடக்கம், அங்கே அடித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"சரி, எங்கே வந்து முடியுது?" என்று அவர் கேட்டார். யோசித்தேன். மூன்றில் எஃப் கார்டு; பிறகு எங்கெங்கோ சுற்றி ஈ கார்டில் இறங்குவது பத்தில். பதினொன்றும் பன்னிரண்டும் மூச்சு விடுகிற இடம். ஃபல்செத்தா என்கிற சிறு மெட்டுகளும் பத்தில்தான் முடியும் என்று ஆசிரியர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அப்போ உங்க அறுதி பத்துல. மனசுல சமத்தைத் தூக்கி அங்கே வையுங்க. ஒண்ணுலேர்ந்து கிளம்பாதீங்க, பத்துக்குப் போய்ச் சேருங்க." தரையிலேயே இரண்டு கையாலும் தட்டிக் காட்டினார். மிருதங்கத்தை எடுக்கவில்லை, தோலில் ஈரம் ஏறியிருக்கிறது, இப்போது தட்டினால் அழும் என்றார். தரையில் தட்டியதே போதுமாக இருந்தது. பத்தாம் அடியில் கையை அழுத்தி வைத்துவிட்டு, அடுத்த இரண்டையும் விரல் நுனியால் மட்டும் தொட்டார். நான் ஒன்றை விட்டுவிட்டு, பத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இருபது சுற்று கழித்து ஒரு சுற்று விழுந்தது. அவர் தலையை ஆட்டினார். அடுத்த சுற்றில் மறுபடியும் ஒன்றை இடித்தேன்.

மூன்று நாளும் அதுதான் வேலை. தண்ணீர் வடிந்ததும் அவர் கீழே போய்ச் சேற்றை வழித்துத் தள்ள ஆரம்பித்தார், நாங்களும் கூடவே. டிசம்பர் மூன்றாவது வாரம் வகுப்பு வந்தது. நான் வாசித்து முடித்ததும் ஆசிரியர் சுளிக்கவில்லை. என்ன செய்தாய் என்றார். வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்றேன். அதற்கு மேல் விளக்க என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் போதவில்லை.

இப்போது மெட்ரோனோமை அபூர்வமாகத்தான் போடுகிறேன். கைதட்டல் பழக ஆரம்பித்திருக்கிறேன். பால்மாஸ் என்று பெயர். உள்ளங்கையைக் குவித்து அடக்கமாகத் தட்டுவது ஒன்று, விரல்களை மறு உள்ளங்கையில் அறைந்து கூர்மையாகத் தட்டுவது ஒன்று. புலெரியாஸ் என்கிற வேகமான சுற்றும் அதே பன்னிரண்டுதான், ஆனால் எண்ணுவது பன்னிரண்டிலிருந்து. அங்கே தகிட தகிட தக தக தக அப்படியே பொருந்துகிறது, அழுத்தம் தாவிலேயே. அதன் வேகத்தில் பாதி கூட எனக்கு வரவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

போன மாதம் செகிரியா என்று புதிதாக ஒரு சுற்று பாடத்தில் வந்தது. இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு. இதுவும் பன்னிரண்டு. இரண்டு நாள் முட்டிமோதிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சார் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். தக தக தகிட தகிட தக என்று ஒரு தடவை முணுமுணுத்தார், இன்னொரு தடவை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது புதுசு இல்லையே. அன்னைக்கு மழையில போட்டோமே, அதேதான். எட்டுல எடுப்பு."

மேலே வந்து, பழைய சொலெயாக் காகிதத்தில் எட்டாவது அடியிலிருந்து விரலை வைத்து எண்ணினேன். எட்டு ஒன்பது, பத்து பதினொன்று, பன்னிரண்டு ஒன்று இரண்டு, மூன்று நான்கு ஐந்து, ஆறு ஏழு. அதேதான். கிட்டாரை எடுத்தால் ஐந்தாவது தந்தி உரசியது. ஏ.சி. சேடிலை மாற்ற மறந்திருந்தேன்.